சி.எஸ்.ஆர்.: நிறுமச் சமூகப் பொறுப்பு

அரசுப் பள்ளிக் கழிப்பறைச் சுவரில் 'சி.எஸ்.ஆர். நிதியில் கட்டப்பட்டது' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனிகள் தம் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுநலப் பணிக்குச் செலவிடுவதுதான் சி.எஸ்.ஆர். (Corporate Social Responsibility). நாளிதழ்கள் இதைப் 'பெருநிறுவன சமூகப் பொறுப்புணர்வு நிதி' என எழுதுகின்றன. கம்பெனிக்குச் சட்டத்தமிழில் நிறுமம் என்று பெயர். அதனால் 'நிறுமச் சமூகப் பொறுப்பு' போதும்.

பொறுத்தல் என்றால் சுமத்தல், தாங்குதல். அதில் பிறந்தது பொறுப்பு. சிலர் 'கடப்பாடு' என்கிறார்கள். வள்ளுவரோ 'கைம்மாறு வேண்டா கடப்பாடு' என்றார். விளம்பரத்தில் காட்டி விற்பனையைக் கூட்டிக்கொள்ளும் செலவுக்கு அந்தச் சொல் கொஞ்சம் அதிகம்தான்.

1953-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் எழுதிய நூல் இக்கருத்துக்கு அடித்தளம் இட்டது. இந்தியாவில் 2013 நிறுமங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் இதைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிச்சம்) ரூ.500 கோடி, விற்றுமுதல் (ஆண்டு மொத்த விற்பனை) ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி: முந்தைய நிதியாண்டில் இவற்றில் ஒன்றைத் தொட்டாலும், மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும்.

வாங்குபவர் மனத்தில் இது எப்படி வேலை செய்கிறது? ஏரி தூர்வாரும் கம்பெனி சோப்பையும் சுத்தமாகத்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரே விலையில் இரண்டு சோப்பு இருந்தால் கை அந்தப் பெயரை நோக்கிப் போகிறது. கோளாறும் இங்கேதான். அந்த 2 விழுக்காட்டு விதி, லாபம் எங்கே செலவாகிறது என்பதைப் பற்றியது. லாபம் எப்படி வந்தது, ஆலைக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதைப் பற்றியது அல்ல.

சி.எஸ்.ஆர். விதிகளே கணக்கில் சேர்க்காத செலவுகளில் இரண்டு இங்கே முக்கியம்: தன் பொருளுக்கு விளம்பரம் தேடித்தரும் நன்கொடை, வேறு சட்டப்படி எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பச் சேகரிப்பது இரண்டாம் வகை. பிளாஸ்டிக் கழிவு விதிகள் அதை உற்பத்தியாளர் தலையில் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. அதைச் சமூகத் தொண்டு என்று சுவரொட்டி அடித்தால், வரி கட்டியதைத் தானம் என்று சொல்லிக்கொள்வது போலத்தான்.

ஒரு பொருள் சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டுவதற்குப் 'பசுமைப் பூச்சு' என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கு நெறிமுறைகள் வெளியிட்டது. 'பசுமை', 'சூழலுக்கு உகந்தது' என்று மொட்டையாகப் போடக்கூடாது. அந்தப் பேச்சு முழுப் பொருளுக்கா, உறைக்கு மட்டுமா, தயாரிப்பு முறைக்கா என்று சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பொருளையும் குறிக்காத கம்பெனிக் கொள்கை வாசகம் இதில் வராது. 'பூமியைக் காப்பதே எங்கள் நோக்கம்' என்ற வரி தப்பித்துவிடும்.

ஆகவே பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். '100% மறுசுழற்சி' என்பது பாட்டிலுக்கா, மூடிக்கும் லேபிளுக்கும் சேர்த்தா? ஃபிரிட்ஜ், ஏ.சி. போன்ற மின்சாதனம் என்றால் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சாகியிருக்கும். கம்பெனி நட்ட மரக்கன்றுகளின் எண்ணிக்கையை விட அதுதான் உங்கள் வீட்டுக் கரண்ட் பில்லில் தெரியும்.