மலிவு சவுண்ட் கார்டில் எது மலிவு?

மைக்கையும் கிட்டாரையும் யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைக்கும் சவுண்ட் கார்டின் பெட்டி மேல் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் '24 பிட் / 192 கிலோஹெர்ட்ஸ்' என்பதுதான். ஒலியை ஒவ்வொரு முறையும் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்பது பிட், விநாடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்பது கிலோஹெர்ட்ஸ். வீட்டில் பாட்டோ பேச்சோ கிட்டாரோ பதிவுசெய்ய முதல்முறையாக ஒன்று வாங்கப் போகிறவர், அந்த எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து எடுத்துவிடுகிறார். விலை குறைந்த கார்டுகளில் கவலைப்படவே தேவையில்லாத எண் அதுதான் என்பது என் கட்சி. ஒலியை எண்ணாக மாற்றும் வேலை இன்று மலிவாகவே நன்றாக நடக்கிறது. காசைக் குறைத்தது தெரிவதெல்லாம் அதற்கு முன்னால், ஒலி இன்னும் மின்னழுத்தமாக ஓடிக்கொண்டிருக்கும் பகுதியில்.

முதலில் அந்த எண் எப்படி இவ்வளவு மலிவானது என்று பார்த்துவிடலாம். காதுக்குக் கேட்கும் மேல் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். ஓர் அலையைத் திரும்ப உருவாக்க, அதன் அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் அளந்தால் போதும். 1982-ல் விற்பனைக்கு வந்த சிடி 44.1 கிலோஹெர்ட்ஸில் அளப்பது இந்தக் கணக்கில்தான். ஆனால் ஒரு சிக்கல். அளக்கும் வேகத்தின் பாதிக்கு மேல் உள்ள அதிர்வெண் எதுவும் உள்ளே நுழைந்தால், அது கீழ்ப்பக்கமாக மடிந்து, யாரும் வாசிக்காத சுரமாகக் கேட்கும். அதைத் தடுக்க 20-க்கும் 22-க்கும் நடுவே செங்குத்தாக இறங்கும் வடிகட்டி வேண்டும். மின்தடை, மின்தேக்கிகளை வைத்து அப்படி ஒன்றைக் கட்டுவது செலவும் தலைவலியும்.

இன்றைய ஆடியோ சிப்புகளில் இருக்கும் டெல்டா-சிக்மா முறை இதைச் சாமர்த்தியமாகத் தாண்டுகிறது. ஒவ்வோர் அளவையும் துல்லியமாக எடுக்க அது மெனக்கெடுவதில்லை. ஒன்றிரண்டு பிட்டில் உத்தேசமாக அளக்கிறது. ஆனால் தேவையான வேகத்தைப்போல் 64 அல்லது 128 மடங்கு வேகத்தில் அளக்கிறது. ஓர் அளவில் நேர்ந்த பிழையை அடுத்த அளவுக்குள் திருப்பி விடுவதால், பிழையெல்லாம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்களுக்கு ஒதுங்கிவிடும். அப்புறம் சிப்புக்குள்ளேயே கணக்குப் போட்டு அந்தக் குப்பையை வெட்டி, 48 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கி, 24 பிட் எண்ணாகத் தருகிறது. செங்குத்து வடிகட்டி வெறும் கணக்காகிவிட்டது. சிலிக்கானில் கணக்கு மலிவு.

ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று வைத்தால் 24 பிட்டுக்கு, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 144 டெசிபல் வீச்சு வருகிறது. இது காகிதக் கணக்கு. ஒலியை எண்ணாக்கும் நல்ல மாற்றிகளே 110 முதல் 120 வரைதான் தொடுகின்றன. அதுவும் நமக்கு அதிகம்: அமைதியான வீட்டு அறையிலும் 30 டெசிபல் இரைச்சல் இருக்கும், மைக் அருகில் பாடும் குரல் 90-ஐ ஒட்டி இருக்கும், இடைவெளி 60. 16 பிட்டின் 96 டெசிபலே அதை அடக்கிவிடும். 24 பிட்டால் கிடைக்கும் நிஜ லாபம் வேறு. உச்சத்துக்கு 12, 18 டெசிபல் கீழே பதிவு மட்டத்தை வைத்து, திடீரென்று குரல் உயர்ந்தால் ஒலி சிதைந்துவிடுமோ என்ற பயமில்லாமல் பதிவுசெய்யலாம். 192 கிலோஹெர்ட்ஸைப் பொறுத்தவரை, 48-ல் நிமிடத்துக்கு 8.6 மெகாபைட் பிடிக்கும் ஒற்றைத் தடம் அங்கே 34 மெகாபைட்டைத் தாண்டும். வேறு பெரிதாக ஒன்றும் நடக்காது.

சரி, கார்டின் விலை உண்மையில் எங்கே கேட்கிறது? மைக்கின் மெல்லிய மின்னழுத்தத்தைப் பெருக்கும் பகுதியான ப்ரீஆம்பில். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக், 94 டெசிபல் உரத்த ஒலிக்கே 2 மில்லிவோல்ட்டுக்குக் குறைவாகத்தான் தருகிறது. மெல்லப் பேசினால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இதைப் பதிவுக்குரிய அளவுக்கு உயர்த்த 50, 60 டெசிபல் பெருக்கம் வேண்டும். 60 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் ஆயிரம் மடங்கு. ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலும் சேர்ந்தேதான் பெருகும்.

இதற்கு இயற்கையே ஒரு தரைமட்டம் வைத்திருக்கிறது. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கின்றன. 150 ஓம் மின்தடை, அறை வெப்பத்தில், கேட்கும் அதிர்வெண்கள் முழுவதற்கும் சேர்த்து 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலை உண்டாக்கும். மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் ஒலிப்பதிவுக்காரர்களின் கணக்கில் இது மைனஸ் 131 டிபியூ (மைனஸ் எண் பெரிதாக ஆக இரைச்சல் குறைவு). யார் எவ்வளவு செலவழித்தாலும் இதற்குக் கீழே போக முடியாது. நல்ல ப்ரீஆம்ப்கள் மைனஸ் 128 வரை வந்துவிடுகின்றன. மைனஸ் 120 என்றால் டைனமிக் மைக்கில் மெல்லிய பேச்சுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' கேட்கும். விவரக்குறிப்பில் 'உள்ளீட்டுச் சம இரைச்சல்' (EIN) என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியையே காணோம் என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம். பக்கத்திலேயே அதிகபட்சப் பெருக்கமும் இருக்கும். ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்கு 60 டெசிபலாவது வேண்டும். பல மலிவு கார்டுகள் 50-ஐ ஒட்டி மூச்சு வாங்கிவிடும்.

ஆகவே மைக்கை முடிவுசெய்யாமல் கார்டைத் தேடுவது வீண் வேலை. கண்டன்சர் மைக் அதே ஒலிக்கு ஏறத்தாழ பத்து மடங்கு மின்னழுத்தம் தருவதால், சுமாரான ப்ரீஆம்பும் தப்பித்துக்கொள்ளும். பதிலுக்கு மின்விசிறி, தெரு, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் தெளிவாகப் பதிவாகும் என்பது வேறு விஷயம்.

கண்டன்சருக்கு, மைக் கம்பி வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும். யூஎஸ்பி தருவது 5 வோல்ட். கார்டுக்குள் இருக்கும் சிறிய சுற்று அதை வேகமாக வெட்டி வெட்டி 48-க்கு உயர்த்துகிறது. (கணினியின் இளஞ்சிவப்பு மைக் துளையில் வரும் சில வோல்ட் இதற்கு உதவாது.) இந்த இடத்தில் சிக்கனம் பிடித்தால் வெட்டும் சத்தம் ஒலிக்குள் கசியும். யூஎஸ்பியே இன்னொரு பக்கம் தொல்லை தரும். அது தரவை 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறையோ, வேகமான வகையில் அதன் எட்டில் ஒரு பங்குக்கு ஒருமுறையோ அனுப்புவதால், 1 அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் ஒரு கீச்சொலி எட்டிப்பார்க்கலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் குறைந்தால், கார்டைவிட, கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் தரையோடு இணைவதால் உருவாகும் தரையிணைப்புச் சுற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கிட்டாரை நேராகச் செருகுபவர்கள் 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' என்ற பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிட்டார் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்று கொண்ட கம்பிச்சுருள். அதை 10 கிலோ ஓம் மின்மறுப்பு கொண்ட சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் மேல் சுரங்கள் மழுங்கிவிடும். 1 மெகா ஓம் இருந்தால் தப்பிக்கும்.

அடுத்தது தாமதம். ஒலி கணினிக்குள் சிறு சிறு கட்டாகப் போகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 அளவுகள் கொண்ட ஒரு கட்டு 5.3 மில்லிவிநாடி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, கூடவே மாற்றிகளும் யூஎஸ்பியும் எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லாம் சேர்ந்து 12, 15 ஆகிவிடும். கிட்டார் வாசிப்பவருக்கு இது நான்கைந்து மீட்டர் தள்ளி ஆம்ப் இருப்பதற்குச் சமம், சமாளித்துவிடலாம். பாடுபவருக்குத்தான் கஷ்டம். சொந்தக் குரல் எலும்பு வழியாக உடனே கேட்கிறது, ஹெட்ஃபோனில் சற்றுப் பின்னால் வருகிறது, இரண்டும் மோதிக் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மைக் ஒலியைக் கணினிக்குள் அனுப்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு விடும் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இதற்காகத்தான். விலை குறைந்த கார்டில் நான் விட்டுக்கொடுக்காத வசதி இது.

கட்டின் அளவை 64-க்கோ 128-க்கோ குறைக்க முடியுமா என்பது கார்டையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருளான டிரைவரின் கையில் இருக்கிறது. விண்டோஸில் ஒலி வழக்கமாக எல்லாச் செயலிகளின் ஒலியும் சேரும் பொதுக் கலவை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அதைத் தவிர்க்க இசை மென்பொருள் நிறுவனமான ஸ்டைன்பெர்க் 1997-ல் கொண்டுவந்த டிரைவர் முறையே ஏஎஸ்ஐஓ. தயாரிப்பாளரே சொந்தமாக எழுதிய ஏஎஸ்ஐஓ டிரைவர் தரும் கார்டு, இல்லாததைவிடப் பெரும்பாலும் தடங்கலில்லாமல் ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் யூஎஸ்பி ஆடியோவின் பொதுத் தரத்தைப் பின்பற்றும் கார்டு செருகியதுமே வேலை செய்யும். விண்டோஸ் 10-க்கு அந்தத் தரத்தின் இரண்டாம் பதிப்பு 2017-ல்தான் வந்துசேர்ந்தது.

பழைய கார்டு வாங்குவதில் தப்பில்லை. ப்ரீஆம்ப் சீக்கிரத்தில் கிழடாகாது. பத்து வருடத்துக்கு முந்தைய நல்ல கார்டு இன்றைய மட்டமான கார்டைவிட அமைதியாக இருக்கலாம். ஆனால் அது பொதுத் தரத்தில் ஓடாத ரகம் என்றால், விற்பவரிடம் பேசுவதற்கு முன் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் இயங்குதளத்துக்கு இன்னும் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.