'பாஸ்' என்று திரை காட்டினால் சாலைச் சந்திப்பு சரியாகிவிட்டதா?

டிராஃபிக் சிக்னல் கன்ட்ரோலரில் டயக்னாஸ்டிக் மெனு என்று ஒன்று உண்டு. அதைத் தட்டினால் ரேமில் எதையோ எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், ரோமில் இருக்கும் நிரல் கெடவில்லையா என்று அதன் செக்சத்தை (சரிபார்ப்புக் கூட்டுத்தொகையை) கணக்கிடும், கீபோர்டு, திரை, கடிகாரம் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் 'பாஸ்' என்று காட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், நேமா (NEMA, மின்சாதனத் தயாரிப்பாளர்கள் சங்கம்) தரத்து கேபினெட்டுகளில். அந்த வகையை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், ரோட்டு விளக்குகள் இணைந்திருக்கும்போது அவுட்புட் டெஸ்டை ஓட்டவே ஓட்டாதீர்கள். எந்தப் பச்சை எந்தச் சாலைக்கு என்பதெல்லாம் அந்த டெஸ்டுக்குத் தெரியாது, ஒவ்வொரு அவுட்புட்டாகப் போட்டு அணைத்துக்கொண்டே போகும். தப்பாக ஏதாவது எரிந்தால், மோதும் பச்சைகளைக் கண்காணிக்கும் கான்ஃபிளிக்ட் மானிட்டர் சந்திப்பை ஃபிளாஷுக்கு (விளக்குகள் விட்டுவிட்டு மின்னும் நிலைக்கு) தள்ளிவிடும் என்று தைரியமாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மானிட்டர் கடைசித் தற்காப்பு, அதை நம்பியா விளையாடுவது? ஸ்பேர் கன்ட்ரோலரை மாட்டிவிட்டு, சந்தேகப்படும் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள்.

மேசையில் லூப்பேக் ஹார்னஸ் வேண்டும். நேமாவின் பழைய டிஎஸ்1 தரத்துப் பெட்டி என்றால் ஏ, பி, சி என்று 55, 55, 61 பின் உள்ள மூன்று கனெக்டர்கள். அவுட்புட்டை இன்புட்டுக்கே திருப்பி விட்டால்தான் அவுட்புட்டை ஓட்டும் டிரைவர் சுற்றுகளும் இன்புட் சுற்றுகளும் சோதனைக்குள் வரும், இல்லையென்றால் பார்த்தது மூளையை மட்டும்தான். ஃபெயில் வந்தால் போர்டைக் குறை சொல்லும் முன் ஹார்னஸில் பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஒரு தடவை ஓட்டினால் போதாது. தரம் கேட்பது -34 முதல் 74 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்ய வேண்டும் என்பது, நம் பட்டறையிலோ ஏசி ஓடுகிறது. வெயிலில் மட்டும் தகராறு செய்யும் பெட்டியை சூடாக்கி, டெஸ்டை இரவெல்லாம் சுற்றில் விடுங்கள்.

இவ்வளவும் செய்து பாஸ் ஆனாலும் அது கன்ட்ரோலருக்கு மட்டும்தான். கன்ட்ரோலர் லோடு சுவிட்சுக்கு 24 வோல்ட் டிசியில் ஒரு கட்டளை கொடுக்கிறது, அவ்வளவுதான். விளக்குக்கு 120 வோல்ட் ஏசியை அனுப்புவது லோடு சுவிட்ச். அதில் டிரையாக் (மின்னணு சுவிட்ச்) ஷார்ட் ஆகிப் பச்சை அணையாமல் நின்றாலும் செல்ஃப் டெஸ்ட் பாஸ்தான். விளக்கே செத்துப்போனால் இன்னும் மோசம்: டெர்மினலில் வோல்டேஜ் அப்படியே இருக்கும், வோல்டேஜை மட்டும் பார்க்கும் மானிட்டருக்கு சிவப்பு எரிகிறது, வண்டி ஓட்டுகிறவருக்கு இருட்டு. இதற்குத் தலையைத் தூக்கி விளக்கைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை, அல்லது கரன்ட்டை அளக்கும் மானிட்டர் போட வேண்டும்.

மானிட்டரிலும் செல்ஃப் டெஸ்ட் இருக்கிறது. ஆனால் எந்தெந்தப் பச்சைகள் ஒன்றாக எரியலாம் என்று அதற்குச் சொல்வது புரோகிராம் கார்டில் சாலிடர் செய்த ஜம்பர்கள். 16 சேனலுக்கு (மானிட்டர் பார்க்கும் விளக்குத் தொகுதிகளுக்கு) 120 ஜோடிகள். ஜம்பர் இல்லாத ஜோடி மோதல், இருந்தால் அனுமதி. யாரோ ஒரு ஜம்பரைக் கூடுதலாக வைத்துவிட்டால், குறுக்கும் நெடுக்கும் பச்சை எரிந்தாலும் மானிட்டர் சும்மா இருக்கும், அதன் செல்ஃப் டெஸ்டும் பாஸ் காட்டும், ஏனென்றால் அதைப் பொறுத்தவரை எதுவும் கெடவில்லை. அதனால் தனி டெஸ்டரில் மாட்டி 120 ஜோடிக்கும் வோல்டேஜ் கொடுத்துப் பார்க்க வேண்டும். 200 மில்லி நொடிக்குக் குறைவான மோதலுக்கு அது அசையக் கூடாது, 450-ஐத் தாண்டினால் கட்டாயம் ஃபிளாஷுக்குப் போக வேண்டும்.

டெஸ்டர் தரும் பிரிண்ட்டை சந்திப்பின் டைமிங் ஷீட்டோடு (சிக்னல் அமைப்புத் தாளோடு) ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பாருங்கள், சலிப்பான வேலைதான். கார்டின் மேலேயே சந்திப்பின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் மானிட்டரை மாற்றும்போது பழையதின் கார்டை எடுத்துப் புதியதில் செருக மறந்து, ஸ்பேரில் ஏற்கெனவே இருந்த வேறு சந்திப்பின் கார்டோடு மாட்டிவிட்டு வருவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.