மேஜிக்: மாயமா, மந்திரமா?

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தவள் ஹாரி பாட்டர் முதல் பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "சித்தி, மேஜிக்குக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். வாயில் வந்தபடி "மாயாஜாலம்" என்றேன். "மாயாஜாலம்னா பொய்தானே? இதுல நிஜமாவே நடக்குதே" என்றாள். அவள் சொன்னது சரி. அன்று முதல் இந்தச் சொல் என்னை விடவில்லை.

மேஜிக் என்பதன் வேர் பழம் பாரசீகத்தில் இருக்கிறது. அங்கே 'மகுஷ்' என்றால் பூசாரி. பாரசீக மன்னன் தாரியஸ் கி.மு. 520 வாக்கில் பெஹிஸ்துன் மலைப்பாறையில் வெட்டிய கல்வெட்டிலேயே இந்தச் சொல் வருகிறது. கிரேக்கர் அதை 'மாகோஸ்' ஆக்கினார்கள். பக்கத்து நாட்டுப் பூசாரி செய்வதெல்லாம் அவர்களுக்குப் புரியாத வித்தையாகத் தெரிந்தது. மரியாதையும் சந்தேகமும் கலந்த பொருள் வந்து சேர்ந்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

அந்த இரட்டைப் பொருளைத் தமிழ் பைபிளிலேயே பார்க்கலாம். குழந்தை இயேசுவைத் தேடி வந்த கிழக்கத்தியரைக் கிரேக்க மூலம் 'மாகோய்' என்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களைச் சாஸ்திரிகள் என்கிறது. பைபிளின் இன்னொரு நூலான அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் சீமோன் என்பவனுக்கும் மூலத்தில் அதே வேர்ச்சொல்தான். ஆனால் தமிழில் அவன் மாயவித்தைக்காரன்!

இனி நம் சொற்கள். மாயம் என்றால் பழந்தமிழில் பெரும்பாலும் வஞ்சனை. சிலப்பதிகாரத்தில் கானல்வரியின் முடிவில் மாதவிமேல் சந்தேகம் கொண்ட கோவலன், 'மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்' என்றுதான் அவளை நினைக்கிறான். ஜாலம் என்றால் வலை. கண்கட்டு வித்தை என்ற பெயரே, நடப்பது நம் கண்ணில்தான் என்று சொல்லிவிடுகிறது. செப்பிடு வித்தையும் அந்த இனம்தான். மேடையில் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுப்பவருக்கு இவை பொருந்தும். சூனியம் வேறு; அடுத்தவருக்குக் கேடு செய்வது.

மந்திரம் அப்படியில்லை. வடமொழியில் நினைத்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல் இது. ஆலோசனை என்றும் பொருள் உண்டு, மந்திரி என்ற சொல்லும் அங்கிருந்துதான். தொல்காப்பியம் இதற்குச் சொல்லும் இலக்கணம் எனக்கு மிகவும் பிடித்தது:

'நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த
மறைமொழி தானே மந்திரம் என்ப.'

ஆணையிட்டுச் சொன்னால் நடந்துவிடும் சொல். ஹாரி பாட்டர் முதல் பாகத்தில் இறகைப் பறக்கவைக்கும் வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஹாரியின் நண்பன் ரான் கையை வீசிக் கத்துகிறான், இறகு அசையவில்லை. ஓர் அசையை நீட்டிச் சொல்ல வேண்டும் என்று உடன் படிக்கும் ஹெர்மாயினி திருத்துகிறாள். அவள் சொன்னதும் இறகு எழும்புகிறது. கையை மட்டும் வீசிப் பயனில்லை, சொல் நிறைவாக இருக்க வேண்டும். தொல்காப்பியர் சொன்னதும் ஏறக்குறைய அதுதானே!

நம்மிடமும் மந்திரம் கற்ற இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். மணிமேகலைக் காப்பியத்தில், மணிபல்லவத் தீவில் மணிமேகலா தெய்வம் மணிமேகலைக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிறது: வேற்றுரு எடுக்க, வானில் போக, பசியை அறுக்க. தன்னை விரும்பித் துரத்திய இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவம் எடுத்தது இதனால்தான். அந்தக் காதைக்குப் பெயரே 'மந்திரங்கொடுத்த காதை'. கதையை இங்கு வரை சொன்னதும் அக்கா மகள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். "பசிக்கு மந்திரமா? ஹாரிக்கு அது தெரியாதே!" என்றாள்.

ஆக, மந்திரம் மெய்யாகவே பலிக்கும் கதைகளில் அந்த உலகை மந்திர உலகம் என்றும், அங்கே படிப்பதை மந்திரக்கலை என்றும் சொல்லலாம். உருவை மறைக்கும் போர்வை, பொய்த்தோற்றம் போன்ற இடங்களில் மட்டும் மாயம் போதும். கையில் பிடிக்கும் குச்சிக்குப் புதுச்சொல்லே வேண்டாம். மந்திரக்கோல் என்றுதான் எப்போதோ சொல்லிப் பழகிவிட்டோம்.