ஆர்ம் லேப்டாப் வாங்கும் முன் உங்கள் வேலையை அதில் ஓட்டிப் பாருங்கள்

காட்பாடியில் ப்ரோகிராமர்களின் லேப்டாப்புகளைப் பழுது பார்ப்பதும் அமைத்துக் கொடுப்பதும் என் தொழில். "அண்ணா, இன்டெல்லை விட்டுட்டு ஆர்ம் சிப்புக்குப் போகலாமா?" என்று வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். ஆர்ம் என்பது இன்டெல்லிலிருந்து வேறான சிப் வகை, ஒன்றுக்கென்று ஆக்கிய ப்ரோகிராம் மற்றதில் நேராக ஓடாது. எத்தனை மடங்கு வேகம் என்பதையும் கையோடு சொல்வார்கள். அது இருக்கட்டும், தினமும் அதில் என்னென்ன ஓட்டுகிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

கத்திரி வெயில் சமயத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஆர்ம் சிப் போட்ட புது மேக்புக்கோடு வந்தார். சி மொழியில் சின்ன ப்ரோகிராம். ஒரு ஃபைலை எழுத்தெழுத்தாகப் படித்து எண்ணும், அவ்வளவுதான். பழைய லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது, புதியதில் டாக்கருக்குள் (ப்ரோகிராமை லினக்ஸில் தனியாக ஓட்டித் தரும் கருவி) போட்டால் நிற்கவே இல்லை. "பீஸே கோளாறு, மாத்தித் தரச் சொல்லலாமா?" என்றார். திறந்து பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தாகப் படித்துத் தரும் கெட்கேர் தரும் மதிப்பை இன்ட் என்ற பெரிய எண் வகையில் வாங்காமல் கேர் என்ற ஒரு பைட் வகையில் வாங்கியிருந்தார். ஃபைல் முடிந்ததும் வருவது -1. எக்ஸ்86, அதாவது இன்டெல் வகை சிப்பின் லினக்ஸில் கேர் அதை -1 ஆகவே வைத்துக்கொள்ளும். ஆர்ம் லினக்ஸில் கேர் என்பது 0 முதல் 255 வரை மட்டும், அதனால் அது 255 ஆகிவிடுகிறது. முடிவு வந்ததே தெரியாமல் லூப் சுற்றிக்கொண்டிருந்தது. கேரை இன்ட் ஆக்கினோம், நின்றது. தப்பு முதலிலிருந்தே இருந்தது, பழைய சிப்பில் அது வெளியே தெரியவில்லை.

ப்ரோகிராம் நம் கையில் இருந்தால் இப்படித் திருத்திக்கொள்ளலாம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்கு மென்பொருள் எழுதித் தரும் தம்பிக்கு அந்த வழியில்லை. ஸ்னாப்டிராகன் என்ற ஆர்ம் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப் வாங்கினார். பழைய அப்ளிகேஷன்கள் எமுலேஷனில் (இன்டெல்லுக்கான கட்டளைகளை ஆர்முக்கு மாற்றித் தரும் வசதி) ஓடின, கம்பெனியின் லேபிள் பிரிண்டர் மட்டும் அசையவில்லை. எமுலேஷன் அப்ளிகேஷனுக்குத்தான், சாதனத்தை இயக்கும் டிரைவருக்குக் கிடையாது. டிரைவர் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த பிரிண்டருக்கு அப்படி ஒன்று வரவேயில்லை. மூன்று நாள் அலைந்துவிட்டுப் பழைய லேப்டாப்பையே மேசைக்குக் கொண்டுவந்தார். புதியதற்குத் தவணை இன்னும் ஓடுகிறது. எனக்கே மனசு கேட்கவில்லை.

அதற்காக மாறவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நம் ஊர் மே மாதத்தில் இன்டெல் லேப்டாப்பின் ஃபேன் இரைவதை எல்லோரும் கேட்டிருப்போம். எம்1 என்ற ஆர்ம் சிப் போட்ட மேக்புக் ஏரில் ஃபேனே கிடையாது. கரன்ட் போனாலும் பேட்டரி வெகுநேரம் தாங்கும். அப்புறம், மேக் பக்கம் காலக்கெடுவும் நெருங்கிவிட்டது. ஆர்ம் மேக்குகள் 2020 நவம்பரில் வந்தன. இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்று ஆப்பிள் 2025இல் சொல்லிவிட்டது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் மேக்கை இப்போது வாங்காதீர்கள்.

வாங்கும் முன் நண்பரின் ஆர்ம் லேப்டாப்பை அரை நாள் கேளுங்கள். உங்கள் ப்ராஜெக்டை அதில் பில்டு செய்யுங்கள், டெஸ்டுகளை ஓட்டுங்கள், ஆபீஸ் விபிஎன், யுஎஸ்பியில் செருகும் சாதனங்கள் எல்லாவற்றையும் இணைத்துப் பாருங்கள். டாக்கர் இமேஜ்கள் (டாக்கர் ஓட்டும் ப்ரோகிராம் தொகுப்புகள்) ஆர்முக்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்வர் எக்ஸ்86 என்றால் இமேஜை அதற்கென்று சொல்லி பில்டு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அங்கே போய் 'எக்செக் ஃபார்மட் எரர்' என்று நிற்கும். மேக்கில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது, டாக்கர் ஓட்டுபவர்கள் 16 ஜிபிக்குக் குறையாதீர்கள்.

சரி, வாங்கியாகிவிட்டதா? பழையதை அன்றே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். புதியதிலிருந்து ஒரு ரிலீஸாவது சர்வருக்குப் போய் ஒழுங்காக ஓடட்டும், அப்புறம் விற்கலாம்.