ஆஞ்சியோ: படமா, பழுதுபார்ப்பா?

பெங்களூரில் அல்சூர், சீராமபுரம், விவேக் நகர் பக்கம் எந்தத் தமிழ்த் தெருவில் விசாரித்தாலும் ‘ஆஞ்சியோ பண்ணிக்கிட்டவர்’ ஒருத்தராவது இருப்பார். ஜெயதேவா இதய மருத்துவமனையில் பண்ணினது, பொம்மசந்திராவில் பண்ணினது என்று இடமும் சேர்ந்தே வரும். என்னதான் பண்ணினார்கள் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். போன் பேச்சு இப்படித்தான் போகும்:

“சித்தப்பாவுக்கு ஆஞ்சியோ முடிஞ்சிருச்சுக்கா.”

“அப்பாடா! அப்ப அடைப்பை எடுத்துட்டாங்களா?”

“அதான் ஆஞ்சியோ முடிஞ்சிருச்சுன்னு சொல்றேனே.”

சித்தப்பாவுக்கு எடுத்தது வெறும் படம். அடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி இரண்டுக்கும் தலை ஒன்று, வால்தான் வேறு. பேச்சில் வாலை நறுக்கிவிட்டோம். தமிழர் மட்டுமல்ல, வார்டில் கன்னடத்தில் ‘ஆஞ்சியோ மாடிதாரே’ (ஆஞ்சியோ பண்ணியிருக்காங்க) என்பவர்களும் அதே இடத்தில்தான் நறுக்குகிறார்கள். எல்லோருக்கும் புரிகிற மாதிரி இருக்கும், எது நடந்தது என்பது மட்டும் புரியாது.

தலையிலிருந்து தொடங்குவோம். ‘ஆங்கேயான்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாத்திரம் என்று பொருள். நீரோ எண்ணெயோ ஊற்றிவைக்கும் கலம். உடம்பில் ரத்தம் நிற்கும் இடத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். ஆங்கிலத்தின் ‘வெசல்’ என்ற சொல்லும் பாத்திரம், கப்பல், ரத்தக்குழாய் மூன்றையும் குறிக்கும். தமிழில் ‘கலம்’ என்றாலும் பாத்திரம் உண்டு, கப்பல் உண்டு. மூன்றாவதும் உண்டு: இலங்கைப் பாடநூல்களில் ‘குருதிக்கலன்’ என்றே எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘இரத்த நாளம்’ என்கின்றன. நாளம் என்பது உள்ளே துளையுள்ள தண்டு, தாமரைத் தண்டு போல. கிரேக்கர் கண்ணுக்குப் பானை தெரிந்திருக்கிறது, நம் பக்கத்தார் கண்ணுக்குத் தண்டு தெரிந்திருக்கிறது. ஓடுகிற ரத்தத்துக்குத் தண்டே பொருத்தம் என்பது என் கட்சி. கன்னடத்திலும் ‘ரக்தநாள’தான் என்பதால், இங்கே பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு நாளம் அந்நியமே இல்லை.

வீட்டில் யாரும் நாளம் என்று சொல்வதில்லை. ‘ரத்தக்குழாய்’ என்பார்கள், அது போதும். ‘நரம்பு’ என்று சொல்வதுதான் வம்பு. ‘நரம்புல ஊசி போட்டாங்க’ என்றால் அது சிரையில் போட்டது. மூளையிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு வேறு. ‘இதயத்துல நரம்பு அடைச்சிருக்கு’ என்று யாராவது சொன்னால், நாளம் என்று திருத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனித்தமிழ் விரும்புவோர் ரத்தத்தை விட்டுக் குருதி என்பார்கள். நல்ல பழஞ்சொல்தான், சங்கப் பாடல்களில் இருக்கிறது. அங்கேயே ‘நெய்த்தோர்’ என்று இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் பேச்சில் அது மறைந்துவிட்டது. ஆனால் நம் பக்கத்து வீட்டுக் கன்னடத்தில் ‘நெத்தரு’, தெலுங்கில் ‘நெத்துரு’ என்று அதன் உடன்பிறப்புகள் இன்றைக்கும் புழங்குகின்றன. இதயத்துக்கும் ஒரு கதை. கன்னடத்தில் ‘குண்டிகெ’ என்றால் இதயம், தெலுங்கில் ‘குண்டெ’. நம்முடைய ‘குண்டிக்காய்’ சிறுநீரகத்தோடு நின்றுவிட்டது. இதயம், ஹ்ருதயம் என்று வடமொழி வழியில் போனதால் பிழைத்தோம், இல்லாவிட்டால் கார்டியாலஜி வார்டுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது பெரும்பாடாகியிருக்கும்.

இப்போது வால். ‘கிராம்’ என்பது கிரேக்கத்தில் எழுதியது, வரைந்தது. ஆகவே ஆஞ்சியோகிராம் குருதிநாள வரைபடம், வீட்டு மொழியில் ரத்தக்குழாய்ப் படம். மணிக்கட்டிலோ தொடை இடுக்கிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அயோடின் கலந்த சாயத்தை விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்பது. அந்தக் குழாயின் பெயர் ‘கதீட்டர்’. அதைப் பல இடங்களில் ‘வடிகுழாய்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். சிறுநீருக்குப் போடுவது வடிகுழாய், சரி. இங்கே எதுவும் வடிவதில்லை, சாயம் உள்ளேதான் போகிறது. கீழே அனுப்புவது, உள்ளிறக்குவது என்ற கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல் என்பதால் ‘செலுத்துகுழாய்’ என்றால் மூலத்துக்கும் நெருக்கம், வேலைக்கும் பொருத்தம்.

இதயத் தமனிக்குள் நேராகச் சாயம் விட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்றுதான் 1950-களில்கூட மருத்துவர்கள் அஞ்சினார்கள். 1958-இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் வேறொரு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குழாய் நழுவி வலது இதயத் தமனிக்குள் போய், சாயமும் போய்விட்டது. நோயாளி பிழைத்துக்கொண்டார். இன்று நாம் எடுக்கும் படத்துக்கு அந்தத் தவறுதான் பிள்ளையார் சுழி.

‘பிளாஸ்டி’ வேறு வேலை. வனைவது, உருக்கொடுப்பது என்ற கிரேக்க வினை அதன் வேர், பிளாஸ்டிக்கும் அதே குடும்பம். குருதிநாளச் சீரமைப்பு என்று எழுதலாம். 1964-இல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் காலிலுள்ள தமனியில் இதைச் செய்துகாட்டினார். இதயத் தமனிக்குக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்சிக். சூரிச் வீட்டுச் சமையலறை மேசையில் செலுத்துகுழாய் நுனியில் பலூன்களை ஒட்டி ஒட்டிப் பார்த்தவர், 1977 செப்டம்பரில் 38 வயது நோயாளி ஒருவருக்கு அப்படியொரு பலூனை உள்ளே ஊதி அடைப்பை விரித்தார். விரித்தார் என்பதைக் கவனியுங்கள். ‘அடைப்பை எடுத்துட்டாங்க’ என்கிறோமே, வழக்கமான பலூன் சிகிச்சையில் எதையும் வெளியே எடுப்பதில்லை. கொழுப்புப் படிவைக் குழாய்ச் சுவரோடு அழுத்தி வழி உண்டாக்குகிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இது ‘பி.டி.சி.ஏ.’ என்று நாலெழுத்தாக நிற்கும். ‘பி’ தோல் வழியாக, அதாவது நெஞ்சைத் திறக்காமல். ‘டி’ ரத்தக்குழாயின் உட்துளை வழியாக. இந்த உட்துளைக்கு லத்தீனில் ‘லூமென்’, வெளிச்சம் என்று பொருள். வெளிச்சம் வரும் திறப்பைச் சுட்டி, பிறகு குழாயின் துளைக்கு ஆகிவந்தது. தமிழில் ‘புழை’ என்ற சொல் சும்மா கிடக்கிறது. யானையின் துதிக்கையைப் ‘புழைக்கை’ என்றார்களே, அந்தப் புழை. ‘தமனியின் புழை 90% அடைந்திருக்கிறது’ என்று எழுதினால் எவ்வளவு கச்சிதம்! ‘சி’ என்பது கரோனரி. லத்தீனில் ‘கொரோனா’ என்றால் தலையில் சூடும் மாலை, முடி. இதயத்தைச் சுற்றி மாலைபோல் ஓடுவதால் அந்தப் பெயர். இலங்கையில் ‘முடியுரு நாடி’, நமக்கு இதயத் தமனி. கொரோனா வைரஸுக்கும் அதே சொல்தான், நோய்தான் வேறு. ‘ஏ’ நாம் பார்த்த ஆஞ்சியோபிளாஸ்டி.

விரித்த குழாய் மறுபடி சுருங்காமலிருக்க வைக்கும் வலைக்குழல் ஸ்டென்ட். இதற்குத் தமிழ் தேடுபவர்களுக்கு ஒரு சேதி: ஸ்டென்ட் ஓர் ஆளின் பெயர். சார்லஸ் ஸ்டென்ட் என்ற லண்டன் பல் மருத்துவர், பல் அச்செடுக்க ஒரு பசை தயாரித்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஒட்டுத்தோலைத் தாங்கிப் பிடிக்க அந்தப் பசை பயன்பட்டது. அங்கிருந்து எந்தத் தாங்கிக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. ஆள் பெயரை மொழிபெயர்ப்பானேன், ஸ்டென்ட் அப்படியே இருக்கட்டும். அதன் அடைமொழியைத்தான் திருத்தவேண்டும். ‘மருந்து தடவின ஸ்டென்ட்’ என்கிறோம். மருந்து அங்கேயே ஒட்டி நிற்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சுவரில் இறங்குகிறது. ‘மருந்து கசி ஸ்டென்ட்’ என்பதே சரி. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தபோது இந்த வகைக்கு 29,600 ரூபாய், வெறும் உலோகத்துக்கு 7,260 ரூபாய் என்று தனித்தனியாக வரையறுத்தது. பில்லைப் பார்க்கும்போது அந்த அடைமொழிக்கு அர்த்தம் உண்டு.

இது போதாதென்று ‘சி.டி. ஆஞ்சியோ’ என்று மூன்றாவது ஒன்றும் வந்திருக்கிறது. அதில் செலுத்துகுழாயே கிடையாது. கையில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றி ஸ்கேனில் பார்ப்பதோடு சரி. ஆகவே சித்தப்பா வீட்டிலிருந்து போன் வந்தால் ஆஞ்சியோவா என்று கேட்காதீர்கள். படமா, பலூனா, ஸ்கேனா என்று கேளுங்கள்.