ஆஸ்துமா இருந்தால் நிமோனியா ஆபத்து குறைவா?

நிமோனியாவோடு வருகிறவர்களில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது? 1990களில் அமெரிக்காவில் இதைக் கம்ப்யூட்டரால் கணிக்க முடியுமா என்று பார்த்தார்கள். 14,199 நோயாளிகளின் பதிவுகள், ஆளுக்கு 46 விவரங்கள், கடைசியில் பிழைத்தாரா இறந்தாரா என்ற முடிவு. இவ்வளவையும் கொடுத்துப் பல முறைகளில் பயிற்றுவித்ததில் நியூரல் நெட்வொர்க்தான் (மூளை நரம்புகளின் பின்னலைப் பார்த்து அமைத்த கணிப்பு முறை) முதலிடம். இறந்தவர் ஒருவர், பிழைத்தவர் ஒருவர் என்று இரண்டு பதிவுகளைக் காட்டி யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், நூற்றுக்கு 86 தடவை சரியாகச் சொன்னது. பழைய புள்ளியியல் முறைக்கு 77தான் வந்தது.

அப்புறம்தான் சிக்கல். அதே பதிவுகளிலிருந்து விதிகளைக் கற்ற இன்னொரு நிரல், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நிமோனியாவால் சாகும் ஆபத்து குறைவு என்று ஒரு விதியைக் கண்டுபிடித்திருந்தது. எந்த டாக்டரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் தரவு பொய் சொல்லவில்லை! ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றால் டாக்டர்கள் நேராக ஐசியூவில் சேர்த்து விழுந்து விழுந்து கவனிக்கிறார்கள், அதனால் அவர்களில் இறந்தவர்கள் குறைவு. அந்தக் கவனிப்பின் பலனைத்தான் நோயின் குணம் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. அதை நம்பி இவர்களை வீட்டுக்கு அனுப்பினால், எது உயிரைக் காப்பாற்றியதோ அதையே பறித்துவிடுவோம்.

இது பிடிபட்டதே அந்த விதி மனிதர் படிக்கிற மாதிரி இருந்ததால்தான். நியூரல் நெட்வொர்க்கும் இதையே கற்றிருக்கும், ஆனால் உள்ளே வேறு என்னென்ன தப்பு ஒளிந்திருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால் 86 வாங்கிய நெட்வொர்க்கை விட்டுவிட்டு, உள்ளே பார்த்துப் புரிந்துகொள்ள முடிகிற, 77 வாங்கிய பழைய முறையை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. டாக்டர்களும் கோடிங் கற்க வேண்டும் என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்கள், கற்கட்டும், ஆனால் அதைவிட அவசரம், பிழைத்தாரா இறந்தாரா என்று பதிவாகும் முன்பே நோயாளிக்கு என்னென்ன சிகிச்சை நடந்திருந்தது என்று நிரல் எழுதுகிறவர் டாக்டரிடம் உட்கார்ந்து கேட்பதுதான்.

அந்த ஆராய்ச்சியில் இருந்த ரிச் கரூவானா, 2015இல் சக ஆய்வாளர்களோடு அதே தரவுக்கு வேறொரு மாடலைக் கொண்டுவந்தார். வயது, ஆஸ்துமா என்று ஒவ்வொரு விவரமும் ஆபத்தை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைத் தனித்தனி வரைபடமாகக் காட்டும், துல்லியமும் பெரிதாகக் குறையாது. டாக்டர் பார்த்துத் தவறான கோட்டைத் திருத்தலாம். சரி, ஆஸ்துமா விவரத்தை முதலிலேயே தூக்கிவிட்டால் என்ன? அதனோடு தொடர்புள்ள மற்ற விவரங்கள் வழியாக அதே தவறு உள்ளே நுழைந்துவிடும். ஆகவே ஆஸ்துமாவை வைத்தே பயிற்றுவித்து, தவறு முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து சேர்ந்த பிறகு, அதை மட்டும் டாக்டர் கையால் மாற்ற வேண்டும்.