பனிப்போரா, கெடுபிடிப் போரா?

"பனிப்போர் பனிமலையில் நடந்ததா?" உலக வரலாற்றைப் புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் விடாமல் கேட்கும் கேள்வி. அவர்களைக் குறை சொல்ல முடியாது; நாம் கொடுத்த சொல் அப்படி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேரடியாக மோதாமல் பகைத்து நின்றதற்கு ஆங்கிலத்தில் 'கோல்ட் வார்' என்று பெயர்; அதைத்தான் 'பனிப்போர்' ஆக்கினோம். 1945 அக்டோபரில் அணுகுண்டு பற்றிய கட்டுரையில் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அந்தச் சொல்லை எழுதினார். 1947-இல் அமெரிக்க அரசின் ஆலோசகராக இருந்த பெர்னார்ட் பரூக் அமெரிக்க–சோவியத் பகையை அந்தச் சொல்லால் சுட்டிப் பேச, அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் எழுத்தில் அது பரவியது.

ஆங்கிலத்தில் குளிர்ச்சி என்றால் ஒட்டுதல் இல்லாமை. தமிழில் அது இன்பம்: மனம் குளிர்கிறது, கண்குளிரப் பார்க்கிறோம், பிள்ளை சாப்பிட்டால் தாய்க்கு வயிறு குளிர்கிறது. ஆகவே 'குளிர்ப்போர்' எடுபடாது. 'பனி' அதைவிட மோசம். நமக்குப் பனி மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்பது. 'சூரியனைக் கண்ட பனி போல' என்றால் கண்முன்னே மறைவது. 1991 வரை உலகை அச்சத்தில் வைத்த பகைக்கு இந்தப் பெயரா? பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்பார்கள். உண்மைதான். அகராதியைப் புரட்டினால்தான் விளங்கும் பொருளைப் பள்ளிப் பிள்ளை எங்கே தேடும்?

உண்மையான பனிப்போர் வேறு. 1939 நவம்பர் 30-இல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. 105 நாள் சண்டை. மைனஸ் 40 டிகிரி வரை குளிர். பின்லாந்து வீரர்கள் வெள்ளை மேலங்கியோடு பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்து தாக்கினார்கள். அந்தப் போருக்குப் பொருந்தும் பெயரை அமெரிக்க–சோவியத் பகைக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் போரைக் 'குளிர்காலப் போர்' என்கிறோம்.

இலங்கைப் பாடநூல்களில் 'கெடுபிடி யுத்தம்' என்று வரும். அதுதான் சரியான சொல். போலீஸ் கெடுபிடி, வட்டிக்காரர் கெடுபிடி என்று நாளும் பேசுகிறோமே, அதே நெருக்கடிதான். 1961 அக்டோபர் 27 மாலை, கிழக்கு, மேற்கு பெர்லினுக்கு இடையிலிருந்த எல்லைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லியில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் சுமார் நூறு மீட்டர் இடைவெளியில் பீரங்கிக் குழாயை நீட்டி நின்றன. ஏறத்தாழ 16 மணி நேரம். ஒரு குண்டும் வெடிக்கவில்லை. மறுநாள் காலை முதலில் ஒரு சோவியத் டாங்கி சில மீட்டர் பின்னால் போக, அடுத்து ஓர் அமெரிக்க டாங்கி, இப்படியே ஒவ்வொன்றாக விலகின. இதில் பனி எங்கே இருக்கிறது? முழுக்கக் கெடுபிடி.

கன்னடத்துக் 'கடிபிடி'யின் சாயல் அடிக்கிறது, தூய தமிழில்லை என்று தள்ளுவோர் உண்டு. கேட்டவுடன் விளங்கும் சொல்லை அதற்காக இழக்கக் கூடாது. 'யுத்தம்' வேண்டாமென்றால் 'கெடுபிடிப் போர்' என்று எழுதலாம்.

இப்போது இரண்டு அமைச்சர்கள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும் செய்தித் தலைப்பில் 'பனிப்போர்'. அதற்கு நம்மிடம் 'புகைச்சல்' இருக்கிறது. தலைப்பு எழுதுகிறவர்கள் அதையாவது எடுத்துப் புழங்கட்டும்.